காத்திருக்கும் அறைக்கு இசை

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வெக்கை. ஆட்டோவில் ஆஸ்பத்திரி. எடை 62.4. இருக்க வேண்டியது 60. மேலே இருப்பது முழுக்கத் தண்ணீர்.

டயாலிசிஸ் எட்டாவது மாதம். செவ்வாய், வியாழன், சனி. நான்கு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது.

பதினொரு மணி வாக்கில் ஜெரால்டு போன். நான் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்த காலத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தவன். இப்போது சென்னையில் ஸ்டூடியோ.

"நாலு மணி நேரம் சும்மாதான மாப்ள கெடக்க. ஒரு வேல தாரேன்."

சென்னையில் ஒரு கூடம். சப்பான்காரர்கள் தேநீர் பரிமாறும் முறையைச் சொல்லித் தருகிறார்களாம். அங்கே ஒரு வெளி அறை. விருந்தாளிகள் முதலில் அதில் உட்கார வேண்டும். அந்த அறைக்கு இருபது நிமிட இசை. பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும். 14ஆம் தேதிக்குள்.

"டீ குடிக்கிறதுக்கு எதுக்குடா மியூசிக்?"

"குடிக்கிறதுக்கு இல்ல. குடிக்கக் காத்துக்கிட்டு இருக்குறதுக்கு. உள்ள போயிட்டா மியூசிக்கே கெடையாதாம். தண்ணி கொதிக்கிற சத்தம் மட்டுந்தானாம்."

ஒத்துக்கொண்டேன். கீபோர்டைத் தொட்டு ஐந்து மாதம் ஆகிறது.

எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். டீ, மோர், ரசம், மாத்திரை முழுங்கும் தண்ணீர், எல்லாம் சேர்த்து. இன்று 700 மில்லி. வீட்டுக்காரி மாரி அளந்து வைத்த பாட்டிலில் கடைசி மடக்கு மிச்சம். எழுதி முடித்ததும் அது.

ஜூன் 4, புதன்

மாரி எட்டரைக்குப் பாளையம்பட்டிக்கு வேலைக்குப் போனாள். தையல் கம்பெனி. போகும்போது வாசல் கதவை வெளியே சாத்திவிட்டுப் போவாள், நாய் வராமல் இருக்க. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மாலை ஆறு மணி வரை நாள் பூட்டப்பட்டது.

பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டே இருக்கிறது.

போனில் வீடியோ பார்த்தேன். ஒரு அம்மாள் முழங்காலிட்டு உட்கார்ந்து டீ கலக்குகிறாள். நாற்பது நிமிடம். பேச்சில்லை. குறித்துக்கொண்ட சத்தங்கள்:
— கதவை நகர்த்துவது
— பாயில் காலுறை உரசுவது
— மூங்கில் கரண்டியை இரும்புப் பானையின் விளிம்பில் வைப்பது
— தண்ணீர் ஊற்றுவது. சூடான தண்ணீருக்கு ஒரு சத்தம், பச்சைத் தண்ணீருக்கு வேறு
— பானைக்குள் கொதி. விடாமல், அடியில்

அந்தக் கொதியை ஊசியிலை மரத்தில் காற்று வீசும் சத்தம் என்று அங்கே சொல்வார்களாம். நம் பக்கம் அந்த மரம் ஏது.

அக்காவுக்கு இரண்டு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.

(அக்கா விஷயம் இந்த நோட்டில் இன்னும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். ராஜாத்தி அக்கா, காரியாபட்டி. என்னைவிட ஆறு வயது மூத்தவள். மாரியின் ரத்த வகை எனக்குச் சேராது, அவள் சிறுநீரகம் ஆகாது என்று தெரிந்ததும், மார்ச்சில் தானாகவே கிளம்பி வந்து, "என்னோடத எடுத்துக்கிருங்க" என்றாள். மதுரையில் எல்லா டெஸ்ட்டும் முடிந்தது. பொருந்துகிறது. இனி அவள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அதிகாரிகள் முன்னால் ஒரு தடவை பேச வேண்டும். மே பாதியிலிருந்து போன் எடுப்பதில்லை.)

அக்கா வீட்டுக்காரர், மச்சான்தான் தடுக்கிறார் என்கிறாள் மாரி. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

எடை 62.1. பரவாயில்லை.

பக்கத்து நாற்காலியில் பாண்டியம்மா. முப்பது வயது இருக்கும். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு ஊர். வீட்டுக்காரர் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். காலை முதல் பஸ்ஸில் வருகிறாள், ஊசியைக் கழற்றியதும் ஓடுகிறாள்.

போனில் பியானோ பலகையைத் திறந்து வலது கையால் மட்டும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"அங்க கரிய அடுக்குறதுக்கே ஒரு மொற இருக்குதாம். விருந்தாளிக சுத்தி ஒக்காந்து பாப்பாகளாம்."

"கரியவா?"

"கழுவிக் காய வச்சுத்தான் அடுப்புல போடுவாகளாம். தூசி பறக்கக் கூடாதுல்ல."

"எங்க வீட்டுக்காரரத்தான் மொதல்ல கழுவணும்ணே."

சிரித்ததில் மிஷின் கத்திவிட்டது. டெக்னீசியன் குமார் வந்து என் கையை நேராக்கி வைத்தார்.

பிறகு அவளே கேட்டாள்.

"எம்புட்டு நேரம் நடக்குமாம்?"

"முழு விருந்துன்னா நாலு மணி நேரமாம்."

"நம்மள மாதிரி. அதுல எத்தன டீ?"

"கெட்டியா ஒண்ணு. பெறகு லேசா ஒண்ணு."

"நமக்குத் தோதான டீதான்."

ஜூன் 6, வெள்ளி

கீபோர்டைத் துடைத்தேன். மூன்று கட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

இடது கை விரல்கள் குளிர்ந்தே இருக்கின்றன. டயாலிசிஸுக்காக மணிக்கட்டுக்கு மேலே ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த பிறகு இப்படி. சுண்டுவிரலும் மோதிரவிரலும் தொடுவது எனக்கே தெரிவதில்லை. கீபோர்டில் சுரத்தை வளைக்கும் சக்கரம் இடது பக்கம். அந்தக் கையால் உருட்ட முடியவில்லை. ஆகவே வளைவு கிடையாது. சுரங்கள் ஒவ்வொன்றும் தனியே, மொட்டையாக.

அவர்களுடைய ஒரு வரிசை நம் சாவேரியில் ஏறுகிற மாதிரியே இருக்கிறது. ச ரி ம ப த. ஆனால் நாம் அதை ஆட்டிக் குழைத்துத்தான் வாசிப்போம். ஆட்டாமல் விட்டால் வேறு ஊர்.

இரண்டு நிமிடம் செய்து அனுப்பினேன். ஜெரால்டு எழுதினான்: "கமகம் இல்லாம இருக்குறதுதான் அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. எப்படிடா இவ்வளவு அடக்கமா வாசிக்கிற?"



ஜூன் 7, சனி

எடை 62.6. முடித்தபின் 60.2.

காற்றுச் சத்தத்துக்காக மாரி நேற்று வேலை முடிந்து கண்மாய்க் கரையில் இறங்கி, பனைமரத்தடியில் நின்று போனில் பதிவு செய்து வந்தாள். கால் மணி நேரம். ஓலைகள் சடசடவென்று அடிக்கின்றன. மழை மாதிரி இருக்கிறது. நடுவில் யாரோ, "என்னத்தா, சிக்னலு இல்லையா?" என்று கேட்கிற குரல். இவள், "இல்லங்கய்யா" என்கிறாள்.

ஆகாது என்று அவளிடம் சொல்லவில்லை.

இனி செவ்வாய் வரை இடைவெளி. இரண்டு நாள். வாரத்தில் மோசமான பகுதி இதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

மாரி குமாரலிங்கபுரத்துக்குப் போனாள். அவள் சித்தி மகள் வீட்டில் காதுகுத்து. நான் போகவில்லை. பந்தியில் என் இலையை எல்லாரும் பார்ப்பார்கள்.

பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துப் போனில் பதிவு. கேஸ் அடுப்பின் சீறல் குறுக்கே வருகிறது. மறுபடி. அடுப்பை அணைத்துவிட்டு அடங்குவதை மட்டும். மறுபடி. ஹெட்போனில் போட்டு வடிகட்டிப் பார்த்தேன். ஊற்றுவது, கொதிப்பது, சொட்டுவது. இருபது முப்பது தடவை கேட்டிருப்பேன்.

மதியம் மூன்று மணி. மின்விசிறியில் அனல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மண்பானை சமையலறையில் மாரிக்காக இருக்கிறது. நான் அதன் பக்கம் போவதில்லை.

முதல் சொம்பு நின்றுகொண்டே. இரண்டாவது, தரையில் உட்கார்ந்து. மூன்றாவது எதற்கென்று தெரியாது. தாகம் அப்போது இல்லை. யாரும் கேட்கவில்லை என்பதற்காகக் குடித்தேன் என்று நினைக்கிறேன்.

பானையில் நிறைத்து வைத்தேன், பழைய அளவுக்கே.

ஆறு மணிக்கு மாரி வந்தாள். "மச்சான் வந்திருந்தாக. என்னயப் பாத்ததும் பந்தியிலேர்ந்து எந்திரிச்சுப் போயிட்டாக. கை கூடக் கழுவல. மதினி வரல."

எனக்கு அதைக் கேட்க வயிற்றில் இடமில்லை.

ஜூன் 9, திங்கள்

(10ஆம் தேதி எழுதுவது.)

விடிந்து பல் விளக்கும்போதே மூச்சு பாதியில் நின்றது. படுத்தால் ஆள் முழுகுகிற மாதிரி. உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. மாரி காலைப் பார்த்தாள். கணுக்காலில் விரலை அழுத்தினாள். குழி அப்படியே நின்றது.

ஆட்டோவில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எம்புட்டு?"

"மூணு சொம்பு."

எடை 65.3. ஆக்சிஜன் வைத்து, இன்னொருவர் முறையை நிறுத்தி என்னை ஏற்றினார்கள். யார் முறை என்று கேட்கவில்லை. தெரிந்தால் முகத்தைப் பார்க்க முடியாது.

மாரி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"சாகணும்னா மொதல்லயே சொல்லிட்டுச் செய்ங்க. நான் லீவு சொல்லணும்."

ஒரு மணி நேரம் கழித்து மூச்சு திரும்பியது. குமார் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் தையல் போட்ட இடத்தில் வைத்துக் கேட்டார். எப்போதும் கேட்பதுதான். "சத்தம் நல்லா இருக்கு சார்" என்றார், எப்போதும் போல. எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். காதில் மாட்டிவிட்டார்.

காற்று. தூரத்தில், நிறைய மரங்களில், விட்டுவிட்டு வீசுகிற காற்று.

எட்டு மாதமாக அந்த இடத்தைத் தொட்டால் விரலில் ஒரு அதிர்வு தெரியும். சத்தம் இப்படி இருக்கும் என்று தெரியாது.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் இரண்டு மணி நேரம் ஏற்றினார்கள். முடித்தபின் எடை 60.5. உடம்பு பிழிந்து போட்ட துணி.

மாலை. சின்ன மைக்கை இடது கையில் தையல் போட்ட இடத்தில் வைத்து, மேலே துண்டைச் சுற்றி, மாரியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். பத்து நிமிடம் தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்க. நிறுத்தினார்கள். அந்தப் பத்து நிமிடம் தெருவே வேறாக இருந்தது.

பதிவைப் பாதி வேகத்துக்கு இழுத்தேன். துடிப்பு தேய்ந்து ஒரே இரைச்சலாக நின்றது. மேலே ஒரு சுரம். நீண்ட இடைவெளி. இன்னொன்று.

மாரி ஹெட்போனில் கேட்டாள். "என்ன இது?"

"கை."

கழற்றி வைத்துவிட்டாள். இன்னும் கோபம் போகவில்லை.

ஜூன் 11, புதன்

பத்தரைக்குக் கதவு திறந்தது. மாரி எதையோ மறந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அக்கா.

இளைத்திருந்தாள். கையில் வயர் கூடை. கூடையில் மாம்பழம். நான் சாப்பிடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. "மாரிக்கு" என்றாள்.

உட்கார்ந்தாள். வெயில், பஸ்ஸில் கூட்டம், காரியாபட்டிச் சந்தையில் வெங்காயம், எல்லாம் சொன்னாள். நான் இத்தனை நாள் சொல்வதற்கென்று வைத்திருந்த வாக்கியங்கள் நிறைய. எல்லாம் கெஞ்சல், கொஞ்சம் மிரட்டல். வாயைத் திறந்தால் அவைதான் வரும் போலிருந்தது. எழுந்து, "டீ போடுறேன்" என்றேன்.

"ஒனக்கெதுக்குடா, நான் போடுறேன்."

"ஒக்காருக்கா."

அக்காவுக்கு நான் டீ போட்டுக் கொடுத்ததே இல்லை. நாற்பத்து மூன்று வருடத்தில். பால் எங்கே என்று தேடினேன். இடது கையில் கிளாஸ் வழுக்கியது, வலது கையால் பிடித்துக்கொண்டேன். அவள் எழுந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று மட்டும் தெரிந்தது. தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கொடுத்தேன். நான் குடிக்கவில்லை. இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கிளாஸை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மச்சான் ஒண்ணும் சொல்லல தம்பி."

அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"எல்லாரும் அவுகளத்தான் நெனைக்கிறாக. நானும் அப்பிடியே விட்டுட்டேன். அவுக ஒண்ணுமே சொல்லல. ஒன் இஷ்டம்னுதான் சொன்னாக. நான்தான். எனக்குப் பயமா இருக்கு."

கிளாஸைக் கீழே வைத்தாள்.

"மதுரையில அந்த மிஷினுக்குள்ள படுக்கப் போட்டாகள்ல, அன்னைக்கே. வெளிய வந்து சிரிச்சேன். ஒனக்காகச் சிரிச்சேன். வீட்டுக்குப் போய் மூணு நாள் சோறு எறங்கல. கத்தி வக்கிறத நெனச்சாலே கை காலு விட்டுப்போகுது. என்னால ஏலல."

"சரிக்கா."

"திட்டு."

"சரிக்கா" என்றுதான் மறுபடியும் வந்தது. திட்டத் தெரியாமல் இல்லை. நெஞ்சு முழுக்க இருந்தது. அந்தப் பயம் எனக்குத் தெரியும். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வழியில்லை, அவளுக்கு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்காகவும் அவள் மேல் கோபம் வந்தது.

அழுதாள். முந்தானையால் துடைத்தாள். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு எழுந்தபோது, "அடுத்த புதனும் வாக்கா" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. சொல்லிவிட்டேன். பஸ் வந்துவிடும் என்று அவள் படி இறங்கிவிட்டாள்.

பாதி கிளாஸ் டீ அப்படியே இருந்தது. ஆறிப்போய், ஆடை படிந்து. குடித்தேன். 60 மில்லி. கணக்கில் எழுதிவிட்டேன்.

மாரியிடம், மாம்பழம் அக்கா கொடுத்தனுப்பியது என்று மட்டும்.

ஜூன் 12, வியாழன்

எடை 62.0.

இனி எவ்வளவு காலம். சிறுநீரகத்துக்கான அரசாங்கப் பட்டியலில் பெயர் இருக்கிறது. என் முறை எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செவ்வாய், வியாழன், சனி. ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர் லாரி. எட்டு மாதமாக அதே இடத்தில்தான் நிற்கிறது என்று தோன்றுகிறது.

பாண்டியம்மாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. முழுக்கக் கேட்டாள், கண்ணை மூடாமல், மேலே பார்த்தபடி.

"எப்பிடி இருக்கு தாயி?"

"என்னமோ நடக்கப்போகுது, நடக்கப்போகுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்ணே."

"நடந்துச்சா?"

"இல்ல. ஆனா பாதியில கழட்ட மனசு வரல."

இதைவிட நல்ல பேச்சு கச்சேரி மேடையில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஜூன் 13, வெள்ளி

மாரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். அக்கா வந்தது, சொன்னது, நான் அடுத்த புதன் வரச் சொன்னது, எல்லாம்.

மடிப்பதை நிறுத்தவில்லை. என் இரண்டு சட்டை, அவள் சேலை, தலையணை உறை. கடைசித் துண்டு வரை மடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அப்ப மச்சானத் திட்டுனதெல்லாம்?"

"அவரு பாவம்."

"நான் அவுகளப் பாத்து காறித் துப்பாத கொற. காதுகுத்துல."

பிறகு, சமையலறையிலிருந்து: "இனி மதினி மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். நீங்க ஒறவு கொண்டாடுங்க. என்னய விட்டுருங்க."

அழுத சத்தம் கேட்கவில்லை. குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.

ஜூன் 14, சனி

எடை 61.9. வீட்டுக்கு வந்து, படுத்து எழுந்து, கடைசி இரண்டு நிமிடத்தைச் சரிசெய்தேன். இருபது நிமிடம், நான்கு விநாடி. அனுப்பியாயிற்று.

வேறொன்றும் செய்ய முடியவில்லை.

ஜூன் 16, திங்கள்

ஜெரால்டு போன். ஒத்துக்கொண்டார்கள். ஒரு திருத்தம். விருந்தாளிகள் அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்களாம். பத்து நிமிடமாகக் குறைக்க வேண்டும்.

"அப்பறம் மாப்ள, அடியில ஒரு சத்தம் ஓடுதே, அது என்னன்னு கேட்டாங்க. அங்க சொல்லிக்குடுக்குற அம்மா, பழைய இரும்புப் பானையாட்டம் இருக்குன்னாங்களாம். எங்க பிடிச்ச?"

"வீட்லதான். வெந்நி."

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பாதியை வெட்டினேன். எந்தப் பாதியை வெட்டினாலும் அதே மாதிரிதான் இருந்தது. மேலே சுரம் கேட்கிறது, அடியில் காற்று ஓடுகிறது. முழுதாக இருந்ததை எனக்கென்று வைத்துக்கொண்டேன். பாண்டியம்மா போனுக்கும் ஏற்றித் தர வேண்டும்.

தண்ணீர் 740.

ஜூன் 17, செவ்வாய்

எடை 62.2. பாண்டியம்மா வந்ததும் அவள் போனில் இசையை ஏற்றினேன். அவள் வீட்டுக்காரருக்குக் கரி லோடு போகவில்லையாம், மூட்டைகள் வாசலிலேயே. கையில் ஊசி போடும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள், இத்தனை மாதம் ஆகியும்.

சாயங்காலம் மாரி சொன்னாள், நாளைக்கு லீவு போட்டிருப்பதாக. உடம்பு சரியில்லையா என்றேன். இல்லை என்றாள்.

ஜூன் 18, புதன்

காற்று. தெருவெல்லாம் புழுதி. மாரி காலையிலிருந்து வீட்டை ஒதுங்க வைத்துக்கொண்டே இருக்கிறாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்தரை பஸ் போனது. வரவில்லை. கீபோர்டுக்கு உறை போட்டேன், எடுத்தேன்.

பதினொன்றே காலுக்கு வாசலில் செருப்புச் சத்தம். அக்கா. மாரியைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். வீட்டில் இவள் இருப்பாள் என்று நினைத்திருக்கவில்லை. மாரி கதவைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றாள். வா என்று சொல்லவில்லை. கதவை விட்டு விலகி உள்ளே போய்விட்டாள்.

அக்கா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கூடையை மடியை விட்டு இறக்கவில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டாள். பன்னிரண்டுக்கு என்றேன்.

சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம். தீக்குச்சி. பிறகு தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் சத்தம்.

"ஏங்க" என்றாள் மாரி, உள்ளேயிருந்து. "மதினி சீனி போட்டுக்கிருவாகளா, இல்லையான்னு கேளுங்க."

அக்கா என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "கொஞ்சமா."